வைட்டிலா வரை வரும் கடல்: குழந்தைகளும் கடலறிவும்

கேரளத்தின் கொச்சி நகரிலுள்ள வைட்டிலாவிலிருந்து அரபிக்கடல் சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆனாலும் கடல் நாள்தோறும் இரண்டு முறை வைட்டிலாவுக்கு வந்து போகிறது. கொச்சி முகத்துவாரம் வழியாக வேம்பநாட்டுக் காயலுக்குள் நுழையும் ஓதம், சம்பக்கரைக் கால்வாயிலும் அதன் கிளைகளிலும் ஏறி, சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. நீர்மட்ட வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரத்துக்கு எழுவதில்லை. கால்வாய்ப் படித்துறையில் எத்தனையாவது படி வரை நனைந்திருக்கிறது என்று ஒரு மாணவி ஒரு மாதம் குறித்துவந்தால், அமாவாசையும் பௌர்ணமியும் அவள் நோட்டிலேயே தெரிந்துவிடும். கடலைப் பற்றிய ஆர்வத்தைக் குழந்தையிடம் தூண்ட இதைவிட எளிய தொடக்கம் இல்லை.

கடலைப் பற்றிப் பொதுமக்களும் மாணவர்களும் என்ன அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி உலக அளவில் அண்மைக் காலத்தில்தான் முறையாக எழுந்தது. பள்ளிப் பாடத்தில் கடலுக்கு இடமே இல்லை என்று கவலைப்பட்ட அமெரிக்க அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2005இல் கடலறிவுக்கான ஏழு அடிப்படைக் கருத்துகளை வகுத்தார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளைக் கடலியலுக்கான பத்தாண்டாக அறிவித்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, கடலைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற உயிரியலாளர் ரேச்சல் கார்சன், குழந்தைக்குத் தகவலைக் கொடுப்பதைவிட வியப்பைக் காப்பாற்றிக் கொடுப்பதே முதன்மை என்று 1956இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். இன்றைய முயற்சிகள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டுரையின் சாயல் இருக்கிறது.

கடலைக் கற்பதில் வைட்டிலாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. உப்பைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லில் இந்நிலையம் உருவாக்கிய ரகங்கள் வைட்டிலா-1 தொடங்கி ஊரின் பெயரையே தாங்கியிருக்கின்றன. பொக்காளி வயல் ஆண்டின் பாதியில் நெல்வயல், மீதிப் பாதியில் இறால் பண்ணை. கோடையின் முடிவில் வயலில் மண்மேடுகள் எழுப்பப்படும். தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவிய பிறகு விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டைக் கலைத்து, மண்ணோடு நாற்றைப் பரப்பிவிடுவார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்கு இரையாகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மதகைத் திறந்து ஓதத்தோடு வரும் இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு, நீர் வடியும்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள். உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. மழை, நிலா, உப்பு, நெல், இறால், மனித உழைப்பு எல்லாம் ஒரே வயலில் பாடமாகக் கிடக்கின்றன. நகரம் விரிந்து பொக்காளி நிலங்கள் சுருங்கிவரும் இக்காலத்தில், மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டிய முதல் கடல் வகுப்பறை இந்த வயல்தான்.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கொச்சியில் பஞ்சமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3 அன்று சென்னையில் தொடங்கி, மண்டபத்தில் வளர்ந்து, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் திரட்டிய மிதவை உயிரிகளைப் பிரித்து ஆராய 1962இல் ஒரு மையம் இங்கே அமைந்தது. அதுவே பின்னர் தேசியக் கடலியல் நிறுவனத்தின் கொச்சிக் கிளையானது. மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வில்லிங்டன் தீவிலும், கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம் வைட்டிலாவுக்குத் தெற்கே பனங்காட்டிலும் இருக்கின்றன. மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் நிறுவன நாளையொட்டி அருங்காட்சியகத்தையும் ஆய்வுக்கூடங்களையும் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிடுகிறது. நல்ல வழக்கம். ஆனால் கூட்டத்தோடு வரிசையில் நகர்ந்து கண்ணாடிப் புட்டியைப் பார்க்கும் குழந்தைக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை.

அந்தக் கேள்விகள் பெரும்பாலும் சமையலறையிலேயே கிடைக்கும். கத்தாளை மீனின் தலையைப் பிளந்தால், மூளைக்குப் பின்புறம் இருபக்கமும் வெண்மையான, வழவழப்பான இரண்டு கல் இருக்கும். அது மீனின் காதுக்கல். உடல் சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவும் இந்தச் சுண்ணக் கல், மீன் வளர வளர அடுக்கு அடுக்காகப் படிகிறது. அதை மெல்லியதாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்து, வளையங்களை எண்ணி, ஆய்வாளர்கள் மீனின் வயதைக் கணிக்கிறார்கள். குழம்பு வைக்கும் முன் எடுத்துக் கழுவிய கல்லைக் கையில் வைத்துப் பார்த்த குழந்தை, மீனுக்குக் காது உண்டா என்று கேட்காமல் இருக்காது.

மத்தி மீனின் கதை இன்னும் பெரியது. கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி வரத்து, 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. பிறகு மீண்டும் கூடியது. எல் நினோ, பருவமழையின் போக்கு, ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீர், மிதவை உயிரிகளின் பெருக்கம், குஞ்சு மீன்களைப் பிடிப்பது எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்க அனுமதி இல்லை. ஓர் அளவுகோலோடு சம்பக்கரை மீன் சந்தைக்குச் செல்லும் பள்ளிக் குழு, சட்டத்தையும் கடலையும் ஒரே காலையில் கற்றுக்கொள்ளும்.

மலையாளத்தில் இத்தகைய கற்றலுக்கு நீண்ட மரபு உண்டு. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம், 1970 முதல் குழந்தைகளுக்காக ‘யுரேகா’ இதழை நடத்திவருகிறது. சிறுவர் மன்றங்களையும் அறிவியல் விழாக்களையும் ஊர்தோறும் கொண்டுசென்றது. மனப்பாடத்தை விட்டு, பார்த்தும் செய்தும் கற்பதை அது பொதுப்பழக்கமாக்கியது.

கலையின் பங்கு மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தெரிகிறது. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்ற கலைவிழாவின் ஒரு பிரிவு ‘ஆர்ட் பை சில்ட்ரன்’ என்ற பெயரில் பள்ளிகளோடு சேர்ந்து இயங்குகிறது. 2016 பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீதா ஒரு கூடத்தில் நீரை நிரப்பி, கடலில் மாண்ட அகதிக் குழந்தையின் துயரைச் சுவரில் எழுதினார். பார்வையாளர்கள் அந்த நீரில் இறங்கி நடந்தார்கள். கடல் அழகு மட்டும் அல்ல, ஆபத்தும் பிரிவும் அதில் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஓவியமும் ஒருவகை அளவீடுதான். ஃபோர்ட் கொச்சிக் கரையிலுள்ள சீன மீன்பிடி வலையை வரைய உட்காரும் சிறுவன், கயிறுகளில் வெவ்வேறு உயரத்தில் தொங்கும் கற்களை முதலில் கவனிப்பான். வலை மேலேறும்போது அவற்றில் சில மேடையில் அமர்ந்து எடையைச் சமன் செய்வதைப் படத்தில் கொண்டுவரும்போதே நெம்புகோலைப் புரிந்துகொள்வான்.

தமிழ்நாட்டில் குழந்தைகளைக் கடலோடு பழக்கும் நெடிய முயற்சி சென்னையின் ஆமை நடை. 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கிய கண்காணிப்பை, 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திவருகிறது. கடற்கரையில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது என்பதை அங்கே கேட்டறியும் பிள்ளைக்குப் புவிவெப்பம் வெறும் பாடச்சொல்லாக இருக்காது. ஆண்டுதோறும், அதே கடற்கரையில், குழந்தையையும் நடக்கவிட்டது அம்முயற்சியின் பலம்.

கொச்சியில் குறைவது இந்தத் தொடர்ச்சிதான். 2023 ஏப்ரல் 27 முதல் வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. நீருக்குப் போவது எளிதாகிவிட்டது, நீரைக் கற்பது அல்ல. வலையிழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நீரோட்டமும் மீன்பாடும் தெரியும், ஆனால் அந்த அறிவுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. வில்லிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கும் கடல்வகுப்பும் வேண்டும். ஆய்வு நிறுவனங்கள் ஆண்டில் ஒரு நாளைக்குப் பதிலாக மாதம் ஒரு நாள் கதவைத் திறக்கட்டும். அன்று முதல் வகுப்பை ஒரு மீனவர் எடுக்கட்டும்.