60 மதிப்பெண் தமிழ்

மென்பொருள் வேலையில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. எழுதிவைத்த டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும். வாடிக்கையாளர் போனில் ஆப் திறக்காது. டெஸ்ட் வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்திருக்கும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தமிழ்ப் பகுதியைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

2021 டிசம்பர் அரசாணை தமிழ்த் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2022 குரூப் 4-இல் தமிழுக்கு 100 கேள்விகள், 150 மதிப்பெண். 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அரசு அலுவலகத்தில் உட்காருபவருக்குத் தமிழ் தெரியத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தமிழ்? பிரித்தெழுதுக, வேர்ச்சொல், ஒலி வேறுபாடு, எந்த நூலை யார் எழுதினார்... ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும்.

2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்த நேரத்து மனு ஒன்றைக் கற்பனை செய்துபாருங்கள். "வலைல ஆயிலு அப்பிக்கினு கீது, கய்வுனாலும் போவல" என்கிறார் ஒருவர். அதைக் காதில் வாங்கி, எத்தனை வலை, எத்தனை நாள் தொழில் இல்லை என்று விசாரித்து, மேலதிகாரிக்குப் பத்து வரியில் எழுத வேண்டும். பதிலை அந்த மனிதருக்கே புரிகிற மாதிரி எழுதுவது இன்னும் கஷ்டம். எழுத்தருக்கு வேண்டிய தமிழ் இதுதானே?

மதிப்பீட்டியலில் நம்பகத்தன்மை என்றும் ஏற்புடைமை என்றும் இரண்டு உண்டு. ஓஎம்ஆர் தாளை எத்தனை முறை திருத்தினாலும் அதே மதிப்பெண்தான் வரும். அது நம்பகத்தன்மை, அதில் குறை சொல்ல முடியாது. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. தாள் அங்கேதான் சறுக்குகிறது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அப்படியானால் பேச்சுத் தேர்வு வைக்கலாமா என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அடிபடப்போவது ராயபுரம் பையன்தான். 'கீது' என்றதும் முகம் சுளிப்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். ஓஎம்ஆர் வட்டத்துக்குக் காது கிடையாது. அந்த ஒரு நியாயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வழி ஆணையத்திடமே இருக்கிறது. குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தாளில் சுருக்கி வரைதல், அலுவல் கடிதம், மொழிபெயர்ப்பு எல்லாம் எழுதச் சொல்கிறார்கள். குரூப் 4-க்கு 2022-இல் 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், எல்லோருக்கும் அது முடியாது, சரி. ஓஎம்ஆரில் தேறி மேலே வந்தவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரத் தாள் வைக்கலாம். பெயரை மறைத்து இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தட்டும். முதல் கேள்வியாக அந்த வலைக்காரர் பேச்சையே கொடுத்துவிடலாம்.