காப்பும் கண்ணாடிப் பேழையும்

‘காப்பு’ என்னும் சொல் தமிழிற் பெற்றுள்ள பொருள்விரிவு ஆராயத்தக்கது. குழந்தையின் கையில் இடும் வளையும் காப்பு. கேதாரகௌரி விரதத்தின் 21ஆம் நாள் நிறைவிற் கையிற் கட்டும் நூலும் காப்பு. இடையூறின்றி நூல் நிறைவேறும்பொருட்டு அதன் முகப்பிற் பாடப்படும் செய்யுளும் காப்பு. பிள்ளைத்தமிழின் முதற் பருவமும் காப்பே. அணியையும் நோன்பையும் செய்யுளையும் ஒரே சொல்லாற் குறித்த மக்கள், அவை மூன்றிலும் ஒரே செயலைக் கண்டனர் எனல் பொருந்தும். அச்செயல் யாது என்பதே ஈண்டு நோக்கப்படுவது.

இத்தகைய பொருள்களைத் தொகுத்துக் காட்டும் முயற்சி மேலை நாட்டு நூதனசாலைகளில் உண்டு. இலண்டனில் வங்கி ஊழியராயிருந்த எட்வேட் லவெற் என்பார் (1852-1933), அந்நகரின் எளிய மக்கள் வாழும் தெருக்களில் அலைந்து தாயத்துக்களையும் நற்பேறு தருவனவென நம்பப்பட்ட பொருள்களையும் சேர்த்தார். மார்புச்சளி அணுகாதிருக்கத் தாய்மார் குழந்தைகளுக்கு இட்ட நீலமணி மாலையைப் பற்றியும் அவர் விரிவாக ஆராய்ந்தார். 2011இல் இலண்டன் வெல்கம் காட்சிச்சாலை அவர் தொகுத்தவற்றுள் ஏறத்தாழ 400 பொருள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. விஞ்ஞானம் வளர்ந்த பெருநகரிலும் அச்சம் அழிந்திலது என்பதை அக்காட்சி புலப்படுத்திற்று.

கொழும்பில் இவ்வாறான மாலைக் காட்சியொன்றை அமைக்க விரும்புவோர் பொருள்தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. வெள்ளவத்தைச் சைவக் குழந்தையின் அரையில் அட்சரக்கூடு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கச் சிறுவன் கழுத்தில் உத்தரியம் அல்லது அந்தோனியார் பதக்கம். முஸ்லிம் குழந்தைக்குத் தாயத்து. சிங்களக் குழந்தைக்குப் பிரித் நூலும் பஞ்சாயுதமும். பஞ்சாயுதமாவது சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் திருமாலின் படைகள் ஐந்தும் பொறித்த பதக்கம். பழந்தமிழர் ஐம்படைத் தாலி என வழங்கியதும் இதுவே. சமயமும் மொழியும் வேறுபட்ட தாய்மார் இருவர் தம் மக்கள் கழுத்தில் ஒன்றையே கட்டினர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும், இவை கண்ணாடிப் பேழையுட் புகுந்தவுடன் ஒரு குறை நேர்கின்றது. ‘வெள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டு, கண்ணேறு விலக்குவது’ என ஒரு சீட்டு எழுதப்படும். உலோகமும் காலமும் பயனும் கூறப்பட்டன. கட்டிய கை கூறப்பட்டிலது. அக்கையை மறந்தவிடத்து அப்பொருள் அறியாமைக்குச் சான்றாகவோ பொற்கொல்லர் தொழிலுக்கு மாதிரியாகவோ மட்டுமே நிற்கும்.

சங்கப் புலவர் அக்கையை மறந்திலர். குறுந்தொகை 161ஆம் பாட்டில் நக்கீரர் காட்டும் இரவை நோக்குக. பொழுது போயிற்று; மழை ஓய்ந்திலது; பேயும் நடுங்கும் அவ்விரவிலே, புலிப்பல் தாலி அணிந்த புதல்வனைத் தழுவியவாறு தாய் தன் மகளை அழைக்கின்றாள். தலைவனைக் காண்டற்குத் தாயின் விழிப்புத் தடையாயிற்று என்பதே தலைவியின் கவலை. எனினும், அவள் கூற்றினூடே ஓர் உண்மை வெளிப்படுகின்றது. புலிப்பல்லே போதுமாயின் தழுவுதல் வேண்டா. தாலி இருந்தும் தாய் தழுவுகின்றாள். ஆகவே, தாலி தாயின் கைக்கு மாற்றாகாது. அவள் கை எட்டாத பொழுதுக்கென அவள் கட்டிவைத்த துணை அது.

அக்கை எட்டாத இடம் புறநானூறு 77ஆம் பாட்டிற் காணப்படுகின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் இளமையிலேயே போர்க்களம் புகுந்ததை இடைக்குன்றூர் கிழார் பாடுகின்றார். கிண்கிணி களைந்த காலிற் கழல் ஏறிற்று. கையில் வில் ஏறிற்று. கழுத்தில் தாலி மட்டும் களையப்பட்டிலது. உரைகாரர் இதனை ஐம்படைத் தாலி என்பர். அரசனின் இளமைக்கு அளவுகோலாகவே புலவர் அதனைக் குறித்தார். ஆயினும், பகைவர் முன்னிலையில் அத்தாலியைக் காணும் கற்போர், அதனைக் கட்டிய கை அங்கில்லை என்பதையும் உணர்வர்.

காப்பணிதலை மூடநம்பிக்கை எனக் கடிவோர் கூற்றையும் முற்றத் தள்ளுதல் இயலாது. மருந்து வேண்டிய காய்ச்சலுக்கு நூலை மட்டும் கட்டிக் காலந் தாழ்த்தல் குற்றமே. பெற்றோரின் அச்சத்தைப் பணமாக்குவோர் செயல் அதனினும் கொடிது. சைவ மரபு இவ்வினாவை வேறொரு வகையால் எதிர்கொண்டது. திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபொழுது, நாளும் கோளும் நன்றாக இல்லையென அப்பர் தடுத்தார். சம்பந்தர் அவ்வச்சத்தை இகழ்ந்திலர். இறைவன் உளத்தே இருத்தலின் அடியார்க்குக் கோள்கள் நல்லனவே என்று பாடிப் புறப்பட்டார். கோளச்சத்தைப் போக்க எழுந்த அக்கோளறு பதிகமே இன்று பல இல்லங்களிற் காப்பாக ஓதப்படுகின்றது. இதனை முரண்பாடெனல் எளிது. அப்பரின் கவலை அன்பிற் பிறந்தது என்பதையும், அன்புள்ளவிடத்து அவ்வகைக் கவலை ஒழியாது என்பதையும் அறிந்தோர்க்கு அது முரண்பாடாகத் தோன்றாது.

1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. காப்பணிந்தோர் அனைவரும் அன்று காக்கப்பட்டிலர். இதனைக் கூறாது காப்பின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. ஆனால், காப்புப் பலித்ததா என்பது ஒரு வினா. அதனைக் கட்டியவரின் அன்பு மெய்யா என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை இல்லையென வருதலால் பின்னதற்கும் அவ்விடையே கூறுதல் தருக்கநெறிக்கு ஒவ்வாது.

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அத்தகைய நிலையங்கள் பொருளுக்குப் பேழையை உதவும். சீட்டில் எழுதவேண்டியதை இல்லங்களே உதவல் வேண்டும். அட்சரக்கூட்டை யார் கட்டினார், எந்த நோயின்போது கட்டினார், அதனை எப்பொழுது கழற்றினர் என்பவற்றை அறிந்த மூதாட்டியர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் உளர். அவர் வாய்மொழியை அவர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் தமிழ் பயிலும் மாணவர்க்குரிய பணியாகும். அப்பணி நிகழாதாயின், பின்வருவோர் பேழையிற் காண்பது வெறும் வெள்ளியாகவே இருக்கும்.