மூடுபனியும் மர்மமும்: குற்றப் படங்களின் தொடக்கக் காட்சிகள் குறித்து

கொலை மர்மப் படமொன்று தனது முதற் பத்து நிமிடங்களிற் செய்வது யாது? சூழலை உருவாக்குகின்றது என்பர் உருவவாத விமர்சகர். இருள், மழை, மூடுபனி, தனித்த மாளிகை, எங்கோ கேட்கும் அழுகுரல் என ஒரு பட்டியலையுந் தருவர். பட்டியல் பிழையன்று. ஆயின் அக்காட்சி எவருடைய கண்களுக்கூடாக அச்சந் தருவதாகின்றது என்னும் வினா அவர்களிடத்தே எழுவதில்லை. ஊவாவின் தேயிலை மலைகளிலே நின்று நோக்குவோர்க்கோ அதுவே முதல் வினாவாகும்.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலே மூடுபனி மர்மமன்று. விடியுமுன் இடுப்பிற் படங்கு கட்டிப் பிரட்டுக்களத்துக்குச் செல்லும் பெண்ணுக்கு அது வேலைநாளின் ஒரு பகுதி. அதே பனி துரை பங்களாவின் சாளரத்தினூடே பார்க்கப்படும்பொழுதுதான் மர்மமாகின்றது. உழைப்பவர் காட்சியிலிருந்து அகற்றப்பட்ட பின்னரே மலை வெறிச்சோடிய மலையாய்த் தோற்றும்.

பிமல் ராயின் 'மதுமதி' (1958) இந்தித் திரையில் இவ்வகைத் தொடக்கத்துக்குத் தக்க சான்று. மறுபிறவிக் காதற் கதையே எனினும், மறைந்த குற்றமொன்றின் வெளிப்பாட்டிலேயே அது தங்கியுள்ளது. புயல் இரவு, மலைப்பாதையிற் செல்லும் கார், நிலச்சரிவு வழியை மறிக்கின்றது, பயணி பழைய மாளிகையொன்றில் ஒதுங்குகின்றான், பெண்ணின் அழுகுரல் கேட்கின்றது. இங்கு நிலச்சரிவு கதைக்குக் கதவு திறக்கும் உத்தி மாத்திரமே. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தையிலே 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தது இரவிலன்று, காலை வேளையில். புதைந்தவை லயங்கள். 2005இலும் 2011இலும் அபாயம் எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. இதனை அறிந்த பார்வையாளன் அந்தக் காரோட்டியின் அச்சத்தை எவ்வளவுக்குத் தனதாக்கிக் கொள்வான்?

எனினும் அப்படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடல் நியாயமன்று. கதையை எழுதியவர் ரித்விக் கட்டக். பின்னோக்கில் வரும் மரத்தோட்டமும் கொடிய நிலவுடைமையாளனும் அம்மாளிகையின் அழுகுரலுக்குச் சமூகக் காரணம் கற்பிக்கின்றன. பேய் எனத் தொடங்கியது உடைமையின் குற்றமாக முடிகின்றது. தொடக்கக் காட்சியைவிடக் கதை முற்போக்கானது எனலாம்.

தமிழிலே இதற்கு நேரெதிரான தொடக்கத்தை எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) தந்தது. பனியில்லை, மாளிகையில்லை, படம் முழுவதிலும் பாடலுமில்லை. துப்பாக்கி வெடிக்கின்றது, அவன் யாரென நாம் அறியுமுன்னரே ஒருவன் மடிகின்றான், அண்டைவீட்டார் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகின்றார். காலம் 1943 ஒக்டோபர். சென்னையில் யப்பானியக் குண்டு விழுந்த மறுநாள். அச்சத்துக்கு இங்கே திகதி உண்டு. நாயகனின் தேசத்துரோகத்தைத் திறமை மதிக்கப்படாத தனிமனிதனின் மனக்கசப்பாகச் சுருக்கிவிடுவது படத்தின் குறையே. நடுத்தரவர்க்கத் தேசியத்தின் எல்லை அது. ஆயினும் சூழல் என்பது வரலாற்றுத் தருணமே என்பதை அதன் முதற்காட்சி உணர்ந்திருந்தது.

ஈழத்துத் தமிழ்த் திரை 'புதிய காற்று' (1975) முதலியவற்றிலே தோட்டத்துக்குச் சென்றதுண்டு. மர்மப்படக்காரர் விரும்பும் அனைத்தும் ஊவாவின் வரலாற்றிலே உள. 1940இல் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை அமைத்தனர். அடக்கவந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைக் களைந்தனர். பின்னர் வெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்தது. அடைபட்ட அம்மலைகளுக்குள்ளே பொலிஸ் பயங்கரம் வேலைநிறுத்தங்களை ஒடுக்கியது. மழை, அறுந்த பாதை, வெளியார் எவரும் காணாத வன்முறை. துரை பங்களாவின் சாளரத்தை விடுத்து, லயத்து வாசலிலே கமெராவை நிறுத்தும் நெறியாளரே இன்னும் வேண்டப்படுகின்றார்.