பத்தமடைப் பாயும் பெயரற்ற விரல்களும்

பத்தமடைப் பாயைப் பற்றி எழுதுவோர் பலர், 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவிற்கு அது அனுப்பப்பட்டதையே முதற்சிறப்பாகக் கூறுகின்றனர். பெற்றவரின் பெருமையால் ஒரு கலையை அளப்பது குறையுடைய திறனாய்வு.

அதன் அழகு செய்முறையில் உள்ளது. கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, நூலளவு நுண்மையாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடையாகக் கோக்கின்றனர். மிக நுண்ணிய பாயில் புல் துணியாகவே மடிகிறது. நெய்பவரின் மகிழ்ச்சி அந்த மாற்றத்தில்தான்.

நெய்வோரில் பெரும்பாலோர் லெப்பைக் குடும்பப் பெண்கள். 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கிறது. நெய்தவர் பெயரை அன்று. பாயில் நெற்றி பதித்துத் தொழும் நாமும், அவ்விரல்களை நம் கலை வரலாற்றில் எழுதாது விட்டோம். அது நன்றி மறத்தல் அன்றோ?