மால்குடிக்கு டிக்கெட் கிடைக்கும்!

மால்குடி என்று ஓர் ஊரே கிடையாது, அது எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் கற்பனை என்று இனி யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். அந்த ஊரில் என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, வாழையிலையில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் சூரிய அஸ்தமனமும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். என் வாழ்நாளில் செய்த பயணங்களில் உருப்படியானது எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருக்கிறது ஆகும்பே. 1986-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'மால்குடி டேஸ்' தொடரை ஷங்கர் நாக் பெரும்பாலும் இங்கேதான் எடுத்தார். ஆர்.கே. நாராயணின் கதைகள், தலைப்புக் காட்சிக்கு அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள், எல். வைத்தியநாதனின் இசை என்று அப்படி ஒரு கூட்டணி. வைத்தியநாதன் யார் என்று தெரியாதவர்களுக்கு: நம்முடைய 'ஏழாவது மனிதன்', வசனமே இல்லாத 'பேசும் படம்' இரண்டுக்கும் இசையமைத்தவர்தான். அந்தத் 'தானனா தானனானா' மெட்டைக் கேட்டதும் முகம் மலராத தூர்தர்ஷன் தலைமுறைக்காரர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

என் அம்மாவுக்கு அந்த மெட்டு அடுப்படிப் பாட்டு. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அதுதான் வரும். சென்னைப் புரசைவாக்கத்தில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் மட்டும் இருந்த கறுப்பு வெள்ளை டயனோரா டிவியின் முன்னால் தெருவே கூடி இந்தத் தொடரைப் பார்த்ததாம். அம்மாவுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. "அந்தப் பையன் அவங்கப்பாவைப் பார்த்து முழிக்கிறதுக்கு இந்தி எதுக்குடி?" என்பாள். இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஆர்.கே. நாராயண் பாட்டி வீட்டில் வளர்ந்தது அதே புரசைவாக்கத்தில், வெள்ளாளர் தெருவில். அம்மா காய்கறி வாங்க நடந்த தெரு. இதை நான் பல வருடம் கழித்து எங்கோ படித்துச் சொன்னபோது, "அப்படியா! அதான் அந்தப் பாட்டி நம்ம தெருப் பாட்டி மாதிரியே இருக்கா" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். தொடரின் சிறுவன் சுவாமியின் பாட்டியைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

பெங்களூரிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியும்போது சிவமொக்கா. அங்கிருந்து காரில் தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பேக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். தீர்த்தஹள்ளியில் துங்கை ஆறு கூடவே வரும். அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. பிறகு தோப்பு போய்க் காடு. அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கியவள் ஏற்றவே இல்லை. பெங்களூரில் ஆட்டோக்களின் முதுகில் ஒட்டியிருந்த ஷங்கர் நாக் படங்களை எண்ணிக்கொண்டே வந்தவள், இங்கே மரங்களைப் பார்த்து வாயடைத்துப் போனாள். 'ஆட்டோ ராஜா' படத்தில் ஆட்டோ ஓட்டுநராக நடித்த மனிதரைக் கன்னட ஆட்டோக்காரர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். 1990 செப்டம்பரில் தாவணகெரே அருகே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. அந்த வயதுக்குள் நடிப்பு, இயக்கம், நாடகம் என்று ஓடிய மனிதர், நடுவில் ஒரு மலைக் கிராமத்தை மொத்தமாக மால்குடியாக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

ஆகும்பேயில் இறங்கியதும் என்ன இருக்கிறது? ஒரு முச்சந்தி, பஸ் நிறுத்தம், ஓட்டுக் கூரைக் கடைகள், நீளமாக ஒரு தெரு. அவ்வளவுதான். 'இங்கே படப்பிடிப்பு நடந்தது' என்று மார்தட்டும் வளைவு இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, தொப்பி விற்பவர் இல்லை. நான் கொஞ்சம் தயங்கி அம்மாவைப் பார்த்தேன். அவளோ அதற்குள் தெருவில் பாதி தூரம் போயிருந்தாள். "இது மார்க்கெட் ரோடு. இந்த முனையில குதிரை மேல ஒரு வெள்ளைக்காரன் சிலை இருக்கும். எங்கே காணோம்?" மால்குடிக் கதைகளில் வரும் வெள்ளைக்காரர் சர் ஃபிரெடெரிக் லாலியின் சிலை! படப்பிடிப்புக்காகச் செய்து நிறுத்தியது அது. கலை இயக்குநர் ஜான் தேவராஜின் வேலை. இப்போது இல்லை. அம்மா மட்டும் அந்த வெற்றிடத்தைச் சுற்றி, சிலை நிற்பதாகவே பாவித்து ஒதுங்கி நடந்தாள். நான் அவள் பின்னாலேயே ஒதுங்கினேன்.

நான் படப்பிடிப்பு நகரங்களுக்கும் போனவள்தான். அரண்மனைச் சுவரைத் தட்டிப் பார்த்தால் டொக்கென்று பிளைவுட் சத்தம் வரும். ஆகும்பேயில் எதைத் தட்டினாலும் மரம் மரமாகவும் கல் கல்லாகவும் இருக்கிறது. ஷங்கர் நாக் ஊரைக் கட்டவில்லை, இருந்த ஊரை நடிக்க வைத்தார். நடித்து முடித்த ஊர் மறுபடி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதனால்தான் சுமார் நாற்பது வருடம் ஆன பிறகும் இந்த இடம் சாயம் போகாமல் இருக்கிறது.

இனி வருவதுதான் உச்சம். தொட்டமனே! தொடரில் சுவாமியின் வீடாக வந்த, நூறு வயதைத் தாண்டிய பெரிய வீடு. முன்னால் திண்ணை, உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள். ஒரு குடும்பம் இன்றும் அதில் வசிக்கிறது. வருகிறவர்களை உட்கார வைத்துச் சோறு போடுவது அந்த வீட்டின் வழக்கம். கட்டணம் என்று ஒன்றைக் கேட்பதில்லை, நாமாக விரும்பிக் கொடுப்பதுதான். வாசலில் நின்று நான் ஆங்கிலத்தில் வாக்கியம் தேடிக்கொண்டிருக்க, உள்ளிருந்து வந்த அந்த வீட்டுப் பெரியம்மா அம்மாவைப் பார்த்து "ஊட்டா ஆயித்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்றார். அம்மா, "இன்னும் இல்லைங்க" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். பேச்சுவார்த்தை முடிந்தது.

திண்ணையைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு வயது பத்தாகிவிட்டது. "ஏய், இங்கதான்டி அவன் உட்கார்ந்து கணக்குப் போடுவான்!" அந்த மாம்பழக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ராமனிடம் பத்து மாம்பழம், கிருஷ்ணனுக்கு நான்கு வேண்டும், விலை என்ன என்று அப்பா கேட்பார். சுவாமிக்கோ பழம் பழுத்ததா இல்லையா என்பதுதான் கவலை. அப்பாவாக வந்தவர் கிரீஷ் கர்னாட், நமக்குக் 'காதலன்' கவர்னராகப் பழக்கமானவர். அம்மா ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கர்னாடாக முறைத்தாள், அந்தப் பக்கம் போய் சுவாமியாக முழித்தாள். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனை பேர் வந்து இதே கூத்து ஆடியிருப்பார்களோ! ஆனாலும் புதிதாகப் பார்ப்பவர்போல் சிரித்தார் பாருங்கள், அது பெரிய மனசு.

முதலில் கஷாயம் வந்தது. மலநாடு எனப்படும் இந்த மலைப் பகுதி வீடுகளில் காப்பிக்கு முன்னால் இதுதான் மரியாதை. கொத்தமல்லி, சீரகம், மிளகு வாசனையோடு பால் சேர்த்துச் சூடாக இருந்தது. பிறகு இலை. சாதம், சாம்பார், ஒரு தம்புளி, கடுகு மணக்கும் வடுமாங்காய். தம்புளி என்பது கீரையையோ வேரையோ அரைத்து மோரில் கலப்பது. மழைக் குளிருக்கும் வயிற்றுக்கும் அவ்வளவு இதம். அம்மா மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். வடுமாங்காய்க்கு எத்தனை உப்பு என்று அவள் தமிழில் கேட்க, பெரியம்மா கன்னடத்தில் சொல்ல, இரண்டு பேரும் விரல்களால் கணக்குப் போட்டு முடித்தார்கள். முற்றத்தில் அப்போது ஒரு தூறல் போட்டது. ஓட்டு விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் இறங்க, நடுவில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து நட்சத்திர ஓட்டலில் இதற்கு 'ரெயின் வியூ' என்று பெயர் வைத்துப் பில் போடுவார்கள்.

மழை என்றதும் சொல்ல வேண்டும். ஆகும்பேயின் ஆண்டு சராசரி மழை 7,000 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைக்கு ஏறக்குறைய 1,400. அதாவது நம் ஊரின் ஐந்து வருட மழை இங்கே ஒரே வருடத்தில் கொட்டுகிறது. அரபிக் கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இந்த மலை விளிம்புதான். அதனாலேயே காடு இத்தனை அடர்த்தி. ராஜநாகத்தின் ஊர் என்றும் இதற்குப் பெயர் உண்டு. ராமுலஸ் விட்டேக்கர் 2005-ல் மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது இங்கேதான். நம் கிண்டியில் பாம்புப் பண்ணையை உருவாக்கிய அதே விட்டேக்கர். அம்மாவிடம் ராஜநாக விஷயத்தை ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் சொன்னேன்.

சாயங்காலம் அஸ்தமன முனை. உடுப்பிப் பக்கம் மலை இறங்கும் சாலையில், சோமேஸ்வரம் நோக்கிப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்துக்கு அருகே, சாலையோரத்திலேயே இருக்கிறது. முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் அரபிக் கடல் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. அம்மா சூரியனை ஒரு நிமிடம் பார்த்தாள், கடலை ஒரு நிமிடம் பார்த்தாள், "சரி, நாளைக்கு ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள். அவள் வந்தது இயற்கையை ரசிக்க அல்ல, மால்குடியைப் பார்க்க!

ஸ்டேஷன் என்றால் அரசாளு. சிவமொக்காவிலிருந்து தாளகுப்பா போகும் பாதையில், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் குட்டி நிலையம். தொடரில் இதுதான் மால்குடி ரயில் நிலையம். ரயில்வே துறைக்கு ஒரு பெரிய நமஸ்காரம்: பாழாகிக்கொண்டிருந்த பழைய நிலையக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்ததும் ஜான் தேவராஜ்தான். தான் முன்பு அலங்கரித்த நிலையத்துக்கே முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். தொடரின் காட்சிகள், கதை மாந்தர்களின் உருவங்கள், பக்கத்தில் ரயில் பெட்டி வடிவில் ஒரு டீக்கடை. சின்ன இடம்தான், ஆனால் செய்தவர்களுக்குத் தொடர்மேல் இருந்த பிரியம் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

நாங்கள் போன நேரம் ஒரு கன்னடக் குடும்பம் வந்திருந்தது. தொடரையே பார்க்காத பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சலிப்போடு நின்றான். அம்மா விடுவாளா? சுவாமியின் நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகும் கட்டத்தைப் பிளாட்பாரத்திலேயே சொல்ல ஆரம்பித்தாள். சண்டை போட்டுக்கொண்ட நண்பன், பேசாமலேயே ரயில் ஏறுகிறான். சுவாமி அவனுக்காகப் புத்தகம் ஒன்றோடு ஓடி வருகிறான். ரயில் நகர்கிறது. இன்னொரு நண்பன் மணி அதை வாங்கி ராஜத்திடம் கொடுக்கிறான். அம்மா தன் கைப்பையைப் புத்தகமாக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் பத்தடி ஓடியே காட்டினாள். முட்டி வலி எங்கே போனதோ! பையன் அப்பாவிடம் கேட்டது எனக்கும் புரிந்தது: அந்தத் தொடர் யூடியூபில் இருக்கிறதா? மால்குடிக்கு ஒரு புதுக் குடிமகன் சேர்ந்துவிட்டான்.

உங்கள் வீட்டிலும் அந்த மெட்டை முணுமுணுக்கும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், தள்ளிப்போடாதீர்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும் பெரியவர்களைப் பாடாய்ப் படுத்தும். ஊருக்குள் சுற்றிப்பார்க்க ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லை, மெதுவாக நடந்தாலே போதும். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிருங்கேரி ஒரு மணி நேரத் தூரம்தான், சாரதாம்பாள் தரிசனத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டமனே ஒரு குடும்பம் வாழும் வீடு. அனுமதி கேட்டு நுழையுங்கள், கேட்காமல் அடுக்களைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், கிளம்பும்போது மனசாரக் கொடுங்கள். அரசாளுவையும் விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் சுவாமி வரும் சில பகுதிகளைப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே போனபின் யார் வழிகாட்டி என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.