நிருவாகிகள் யாரிடம் கற்கிறார்கள்?

பொதுத்துறை முகாமையாளர்கள் தமக்குள் கூடி, அனுபவங்களைப் பரிமாறி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது நல்ல விடயந்தான். பொது நிருவாகம் கற்பித்தவன் என்ற முறையில் அதில் எனக்கு மறுப்பில்லை. அங்கு பரிமாறப்படுவது எது, அந்த வட்டத்துக்குள் யாருக்கு இடமில்லை என்பவையே எனது கேள்விகள். நாம் வாழும் ஜேர்மனியின் நகரசபைகளையே உதாரணமாக எடுக்கலாம்.

1949இல் உள்ளூராட்சி மன்றங்கள் தமக்கென கே.ஜி.எஸ்.ரி. என்ற அமைப்பை கொலோன் நகரில் உருவாக்கின. நிருவாகத்தில் ஒரு நகரம் கண்டறிந்ததை மற்ற நகரங்களுக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. 1992இல் அது ஒல்லாந்தின் ரில்பேர்க் நகரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நகரசபையைக் கம்பனி போல நடத்தும் முறை அங்கிருந்தது: பகுதிகளுக்குத் தனித்தனி வரவுசெலவுப் பொறுப்பு, ஒவ்வொரு சேவைக்கும் செலவுக் கணக்கு. அடுத்த ஆண்டே இது 'புதிய வழிநடத்தல் மாதிரி'யாக ஜேர்மனிய நகரங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குடிமகன் 'வாடிக்கையாளன்' ஆனான். வாடிக்கையாளனுக்கு அடுத்த கடை உண்டு. வதிவிட அனுமதியை நீடிக்க வரிசையில் நிற்பவனுக்கு வேறு கடை எங்கே?

இவர்கள் பிரதி செய்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒல்லாந்து நகரங்களின் கவலை வேறாகியிருந்தது. 1990 உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிப்பு வீழ்ந்ததைக் கண்டு, விலகிப்போன மக்களை எப்படித் திரும்ப அழைப்பது என அவை யோசிக்கத் தொடங்கியிருந்தன. பக்கத்து வாங்குக்காரனின் கொப்பியில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிய கதைதான். பத்தாண்டு அனுபவத்தை மதிப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, மாதிரியை முழுமையாக நடைமுறைப்படுத்தியவை மிகச் சில நகரங்களே என்று காட்டியது.

ஆனால் இந்தப் பரிமாற்றத்தில் பெறுமதியான ஒன்றும் இருந்தது. தொண்ணூறுகளில் தொடங்கிய 'ஒப்பீட்டு வட்டங்'களில் ஒத்த நகரங்கள் தம் செலவையும் தாமதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தன. கணக்குகள் வெளியே போகா என்ற நம்பிக்கை இருந்ததால் உண்மை பேச இடமிருந்தது. இலக்கங்கள் மேலிடத்துக்கு மட்டும் போனால் என்ன நடக்கும் என்பதை 2002 காட்டியது. கணக்காய்வு நீதிமன்றம் ஐந்து வேலைவாய்ப்புக் காரியாலயங்களைச் சோதித்தபோது, வேலை பெற்றுக்கொடுத்ததாகப் பதியப்பட்டவற்றில் ஏறத்தாழ 70 வீதம் பிழையானவை எனக் கண்டது.

ஆக, சிக்கல் இதுதான். முகாமையாளர்களை நேர்மையாகப் பேசவைக்கும் அதே இரகசியம், அந்த நேர்மையின் பயனை மக்களிடமிருந்து மறைக்கிறது. நகரசபையின் பிழைகள் பக்கத்து நகரத்து அதிகாரிக்குத் தெரியும். அந்தப் பிழைகளால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துப் போகிறவர் காலையில் வருகிறவரிடம், "மூன்றாவது மெசின் சூடாகுது, கவனம்" என்று சொல்லிவிட்டுப் போவார். தான் எத்தனை துண்டு செய்தேன் என்று சொல்வதில்லை. அது மேற்பார்வையாளருக்கான பலகையில் இருக்கும். அவர் பரிமாறுவது கோளாறைப் பற்றிய அறிவை. மெசினைத் தொட்டவரிடந்தான் அந்த அறிவு உண்டு.

நிருவாகத்தில் மெசினைத் தொடுபவர்கள் கருமபீடத்துக்கு உள்ளே இருக்கும் எழுதுவினைஞரும் வெளியே காத்திருப்பவரும். எந்தப் படிவம் யாருக்கும் விளங்குவதில்லை, எந்தக் கடிதம் தவணை கடந்தபின் வந்துசேர்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். கருத்தரங்குக்கு அழைக்கப்படாதவர்களும் இவர்களே. தனிப்பட்ட ஊழியரைத் தண்டிக்காமல் கோளாறை மட்டும் பகிரங்கப்படுத்துவது முடியாத காரியமல்ல. கணக்காய்வு அறிக்கைகள் அதைத்தான் செய்கின்றன.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பலர் உறவினருக்காக மொழிபெயர்க்க அந்தக் கருமபீடங்களுக்குப் போய்வந்தவர்கள். ஜேர்மனிய நிருவாகம் பற்றி உங்களிடமுள்ள அறிவு எந்த ஒப்பீட்டு வட்டத்திலும் இல்லை. அதை மனக்குறையாக வைத்திராமல் எழுத்தில் கொண்டுவருவோமா?