படகுக்காரரின் கணக்கு

‘டன்கிர்க்’ (2017) படம் பார்த்திருப்பீர்கள். சொந்தப் படகை எடுத்துக்கொண்டு யுத்தத்துக்கு நடுவில் போய்ச் சிப்பாய்களை அள்ளி வருவாரே, டாசன் என்ற பெரியவர்... அவரிடம் ஒரு நிஜ மனிதரின் சாயல் உண்டு. சார்லஸ் லைட்டோலர். டைட்டானிக்கின் இரண்டாம் அதிகாரி!

1940. ‘உங்கள் படகு வேண்டும்’ என்கிறது கடற்படை. ‘படகு வரும், ஆனால் நான்தான் ஓட்டுவேன்’ என்கிறார் மனுஷன். வயது 66. மகனையும் ஒரு சாரணர் பையனையும் கூட்டிக்கொண்டு, 58 அடிப் படகில் 127 சிப்பாய்களை அடைத்துக் கரை சேர்த்தார். படத்தில் டாசனின் மூத்த மகன் ஹரிகேன் விமானி, யுத்தம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் சாகிறான். லைட்டோலரின் மகன் பிரையன் குண்டுவீச்சு விமானி. யுத்தத்தின் இரண்டாம் நாளே போய்விட்டான். விமானத் தாக்குதலுக்குப் படகை எப்படி வளைத்துத் தப்பிப்பது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததே அவன்தான்.

சரி, படம் இந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் காட்டும் கணக்கை நம்புவதில்லை.

1912. ‘பெண்கள், குழந்தைகள் முதலில்’ என்பது உத்தரவு. ‘அவர்கள் மட்டும்’ என்று எடுத்துக்கொண்டார் லைட்டோலர். இடம் காலியாக இருந்தும் ஆண்களை ஏற்றாமல் படகுகள் இறங்கின. 13 வயசுப் பையனைக்கூடத் தடுத்தார். அப்பா வாதாடிய பிறகே விட்டார்.

அடுத்து 1918. முதல் உலகப்போரில் அவர் கடற்படையின் ரிசர்வ் அதிகாரி, ‘கேரி’ என்ற போர்க்கப்பலின் தலைவர். ஜூலை 19 அன்று, அடிபட்டு மேலே வந்த யு.பி.110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி மூழ்கடித்தார். ஏற்கெனவே இருந்த டி.எஸ்.சி. பதக்கத்துக்கு மேல் இன்னொரு கௌரவம் கிடைத்தது. ஆனால், நீர்மூழ்கியின் தளபதி ஃப்யூர்பிரிங்கர் தப்பிப் பிழைத்து வேறு கதை எழுதினார்: தண்ணீரில் தத்தளித்தவர்களைச் சுட்டார்கள் என்று. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.

லைட்டோலர் 1935-ல் எழுதிய சுயசரிதை என்ன சொல்கிறது? ஜாலியான புத்தகம் சார் அது. புயலையும் கப்பலையும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் சொல்கிறார். டைட்டானிக் விசாரணையில் தப்புகளுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது என்று அவரே போட்டு உடைக்கிறார். அந்த நேர்மை, நீர்மூழ்கி விஷயத்தில் சுருங்கிவிடுகிறது. கையைத் தூக்கிச் சரணடையும் சமாசாரமெல்லாம் தன்னிடம் நடக்காது என்கிற தோரணையில் தாண்டிப் போய்விடுகிறார். செத்தவர்களைப் பற்றி விளக்கம்? கிடையாது.

1958-ல் வந்த டைட்டானிக் படம் ‘எ நைட் டு ரிமெம்பர்’ அவரைத்தான் நாயகனாக்கியது. நோலன் டன்கிர்க்கை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 1918-ஐ யாரும் தொடவில்லை.

லைட்டோலரைக் கீழே இறக்குவது என் நோக்கமில்லை. 127 பேர் வீடு திரும்பியது நிஜம். அதே ஆள் எதிரி மாலுமிகளிடம் ஈரம் காட்டாமல் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், யுத்தம் ஒரு நல்ல மனிதனை என்ன செய்யும் என்பது உறைக்கிறது. டாசனை ரசிக்கலாம். அவரைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை. லைட்டோலரைப் படித்தால் கொஞ்சம் பயம் வருகிறது. அது நல்ல பயம்.